வெறுங்காலும் சப்பாத்தும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அரண்மனைகளிலும் கோட்டைகளிலும் மட்டுமே தேடுவோர் பலர். ஆனால் மக்கள் அன்றாடம் கையாளும் எளிய பொருள்களிலும் அவ்வரலாறு பதிந்து கிடக்கின்றது. குடை, சால்வை, கதிரை, தேநீர்க் குவளை ஆகிய ஒவ்வொன்றும் யாருக்கு உரிமையாயிருந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று கேட்டுப் பார்த்தால், நூல்கள் சொல்லாத பல செய்திகள் வெளிப்படும். காலில் அணியும் சப்பாத்தும் அத்தகைய பொருளே. அதிலும் உதைபந்தாட்ட வீரன் அணியும் சப்பாத்தின் கதை யாழ்ப்பாணத்தவராகிய நாம் கூர்ந்து நோக்கவேண்டிய ஒன்றாகும்.

'சப்பாத்து' என்னும் சொல்லே அக்கதையின் முதல் ஏடு. செருப்பு, மிதியடி, பாதரட்சை என்பன நமக்குப் பழையவை. சப்பாத்து போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியத்தை வென்று தம் நேர் ஆட்சிக்குள் கொண்டுவந்த போர்த்துக்கேயர், கதிரை, மேசை, அலுமாரி, சன்னல், பாண் முதலிய சொற்களையும் நம் பேச்சில் விட்டுச் சென்றனர். சொல் வந்த வழியே பொருளும் வந்தது. பாதம் முழுவதையும் மூடிய தோற்சப்பாத்து ஆள்வோனின் காலில் இருந்தது. ஆளப்படுவோனின் கால் மண்ணில் இருந்தது. போர்த்துக்கேயருக்குப் பின் ஒல்லாந்தரும், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரும் வந்தனர். சப்பாத்துக்கும் அதிகாரத்துக்கும் இருந்த உறவு மட்டும் மாறவில்லை.

அந்நியர்மேல் மட்டும் பழியைச் சுமத்திவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு விதித்த தடைகளின் பட்டியலை நினைவிற் கொள்ளவேண்டும். ஆடவர் தோளிற் சால்வை இடக்கூடாது; பெண்டிர் மேலாடை அணியக்கூடாது; குடை பிடிக்கக்கூடாது; காலிற் செருப்பணிந்து உயர்சாதியார் வாழும் வீதியில் நடக்கக்கூடாது. செருப்பைக் கண்டால் கழற்றிக் கையிலோ கக்கத்திலோ எடுத்துச் செல்லச் சொன்னார்கள். தோலைப் பதப்படுத்திச் செருப்புத் தைத்துக் கொடுத்தவனே அதை அணியத் தகாதவன் என்று கருதப்பட்டான். உழைப்பின் விளைவு உழைத்தவனுக்கு இல்லை என்ற பெரிய உண்மையை இதைவிடக் கண்கூடாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறு வேண்டுமா?

இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் சட்டம் ஒழித்ததை வழக்கம் காப்பாற்றி வைத்துக்கொண்டது. 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டும் என்ற நிலை ஏற்பட்டபோது, அதைப் பொறாத சாதிவெறியர் பாடசாலைக் கொட்டில்களுக்கே தீ வைத்தனர். சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் 1957இல்தான் வந்தது. அச்சட்டம் ஏட்டிலே கிடந்தபோது, 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலமாகப் புறப்பட்டோரும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் நின்றோருமே அதற்கு உயிர் கொடுக்க முற்பட்டனர். மண்ணில் வெறுங்காலுடன் நடப்பது ஒருவனின் விருப்பமாகவும் இருக்கலாம். அவன்மீது சுமத்தப்பட்ட விதியாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறியாதவன் உதைபந்தாட்ட வரலாற்றையும் சரிவர அறியமாட்டான்.

* * *

உதைபந்து நம் நாட்டுக்கு ஆங்கிலேய ஆட்சியோடு வந்த ஆட்டம். இங்கிலாந்தில் 1863ஆம் ஆண்டு உதைபந்துச் சங்கம் தன் முதல் விதிகளை வகுத்தபோது, சப்பாத்தின் அடியில் துருத்தி நிற்கும் ஆணி, இரும்புத் தகடு முதலியவை கூடாது என்று ஒரு விதியும் எழுதப்பட்டது. சப்பாத்தணிந்தே ஆடுவர் என்பது அங்கே கேள்விக்கு அப்பாற்பட்டது. எத்தகைய சப்பாத்து என்பதே கேள்வி. அதற்கு முன்னரே, 1526இல், எட்டாம் ஹென்றி மன்னனின் உடைச் சாலைக் கணக்கில் உதைபந்துக்கென ஒரு சோடிச் சப்பாத்து 4 சிலிங் விலையில் எழுதப்பட்டிருக்கிறது. குளிரும் சேறும் நிறைந்த நாட்டில் தொழிலாளி ஆலைக்கு அணிந்து சென்ற கனத்த தோற்சப்பாத்தே மாலையில் அவனுடைய ஆட்டச் சப்பாத்தும் ஆயிற்று.

யாழ்ப்பாணத்தில் அவ்வாட்டத்தை ஊன்றியவை மிஷன் கல்லூரிகள். பரியோவான் கல்லூரி, மத்திய கல்லூரி, புனித பத்திரிசியார் கல்லூரி, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரி ஆகிய இவற்றின் பரந்த மைதானங்களில் ஆங்கிலக் கல்வியோடு ஆங்கில விளையாட்டும் புகட்டப்பட்டது. எனினும் துரைமாரின் மனங்கவர்ந்த ஆட்டமாகக் கிரிக்கெட்டே விளங்கியது. 1904இல் தொடங்கிய பரியோவான், மத்திய கல்லூரிக் கிரிக்கெட் போட்டி இன்றும் 'வடக்கின் பெரும் போர்' என்று கொண்டாடப்படுகிறது. மட்டை, விக்கெட், கையுறை, வெள்ளை உடை என்று செலவு வைக்கும் ஆட்டம் அது. உதைபந்துக்கோ பந்து ஒன்றிருந்தாற் போதும். பந்தும் இல்லாவிட்டால் துணிச்சுருள் போதும். ஆகவே கல்லூரி மதிலைத் தாண்டி ஊருக்குள் இறங்கியது உதைபந்தே.

அது போய் வேரூன்றிய இடம் கடற்கரை. குருநகர், பாசையூர், நாவாந்துறை, மயிலிட்டி, இளவாலை என்று கரையோரக் கிராமங்களில் கோயில் வெளியும் கடற்கரை மணலும் ஆட்டக்களங்களாயின. குருநகர் பாடும்மீன், பாசையூர் சென் அன்ரனீஸ், நாவாந்துறை சென் மேரிஸ், இளவாலை யங்ஹென்றீசியன்ஸ் என்னும் கழகப் பெயர்களைக் கேட்டாலே குடாநாட்டு இரசிகரின் முகம் மலரும். விடியுமுன் வள்ளத்தில் சென்று திரும்பி, வலை உலர்த்தி, மாலையில் பந்தை உதைத்த மக்களின் ஆட்டம் இது. மணலில் அலைந்து, கரைவலை இழுத்து, ஈரக் கயிற்றை மிதித்து உரமேறிய கால்கள் அவர்களுடையவை. அக்கால்களில் சப்பாத்து இல்லை. அது இல்லையென்று அவர்கள் ஆடாமல் இருக்கவும் இல்லை.

* * *

வெறுங்கால் ஆட்டம் நமக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட இந்திய உபகண்டம் எங்கணும் மக்கள் அவ்வாறே ஆடினர். அவ்வாட்டத்தின் தலைநகரம் கல்கத்தா. அங்கே நடந்த ஒரு போட்டி உபகண்டத்து மக்களின் நினைவில் இன்றும் நிற்கிறது. 1911 ஜூலை 29ஆம் நாள், ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதியாட்டத்தில் மோகன் பகான் கழகம் ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவின் அணியை 2க்கு 1 என்ற கணக்கில் வென்றது. வெள்ளையர் முதலில் ஒரு கோல் போட்டனர். தலைவர் சிப்தாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார்; அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலைப் போட்டார். மோகன் பகானின் பதினொருவரில் பதின்மர் வெறுங்காலர். பாதிரியார் சுதிர் சட்டர்ஜி ஒருவரே சப்பாத்தணிந்திருந்தார்.

1905இல் வங்காளத்தைப் பிரித்த ஆட்சியின் மீது மக்கள் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. சப்பாத்தணிந்த படைவீரனை வெறுங்காலுடைய எழுத்தனும் மாணவனும் மைதானத்தில் வென்றபோது, அது விளையாட்டுச் செய்தியாக மட்டும் நிற்கவில்லை. அடிமைப்பட்ட மக்களுக்கு அது ஓர் அறைகூவலாயிற்று. அவ்வாண்டு டிசம்பரிலேயே வங்கப் பிரிவினை கைவிடப்பட்டது. பிரிவினையை முறியடித்தது உதைபந்தன்று, மக்கள் போராட்டமே. ஆயினும் அப்போராட்டத்தின் உள்ளக் கிளர்ச்சியில் அந்த வெறுங்கால்களுக்கும் ஒரு பங்குண்டு.

இங்கேதான் நாம் நிதானிக்கவேண்டும். அந்த வெற்றியிலிருந்து இரண்டு பாடங்களைக் கற்கலாம். சப்பாத்தில்லாதவனும் வெல்வான், அவனைத் தாழ்வாக நினையாதே என்பது ஒன்று. சப்பாத்தில்லாமலே வெல்வான், அவனுக்குச் சப்பாத்து எதற்கு என்பது மற்றொன்று. முதலாவது மக்களின் பாடம். இரண்டாவது மக்களுக்குச் செலவழிக்க விரும்பாதவரின் பாடம். நம் நாடுகளில் நெடுங்காலம் இரண்டாவது பாடமே போதிக்கப்பட்டு வந்திருக்கிறது.

வெறுங்காலின் குறை கல்கத்தாவிலேயே வெளிப்பட்டது. அந்நகரின் உதைபந்துப் பருவம் மழைப் பருவம். காய்ந்த தரையில் மானைப்போல் துள்ளியவன், நனைந்த புல்லிலும் சேற்றிலும் வழுக்கி விழுந்தான். மோகன் பகானின் வெற்றிக்குப் பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் கல்கத்தாவின் முதற்பிரிவு லீக்கை எந்த இந்திய அணியாலும் வெல்ல முடியவில்லை. 1934இல் முகமதன் ஸ்போட்டிங் கழகமே அதை முதன்முதலில் வென்றது; 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. பல மாகாணங்களிலிருந்தும் திறமையாளரைத் திரட்டியமை ஒரு காரணம். ஈரத்தரையில் ஆடுவதற்கு மெல்லிய சப்பாத்தணிந்து பழகியமை இன்னொரு காரணம். வெறுங்காலின் வீரத்தை அவர்கள் இகழவில்லை. மழைநாளில் அதனிடம் வேண்டியதற்கு மேல் எதிர்பார்க்கவுமில்லை.

* * *

சுதந்திர இந்தியா முதன்முதலாக உலக அரங்கில் இறங்கியது 1948 இலண்டன் ஒலிம்பிக்கில். நாகர் மலைநாட்டைச் சேர்ந்த மருத்துவர் தாலிமெரன் ஆவோ அணித் தலைவர். ஜூலை 31ஆம் நாள் இலண்டனுக்கு அருகிலுள்ள இல்பேட் என்னும் ஊரில் பிரான்சை எதிர்த்து ஆடிய அவ்வணியில் பெரும்பாலோர் வெறுங்காலர். பிரான்சு ஒரு கோலால் முந்தியிருந்த நிலையில் சாரங்கபாணி ராமன் சமன் செய்தார். கிடைத்த இரண்டு தண்ட உதைகளும் வீணாயின. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு இன்னொரு கோல் போட்டு 2க்கு 1 என வென்றது. இலண்டன் மக்கள் தோற்ற அணியைக் கைதட்டிப் பாராட்டினர். பத்திரிகைகள் வெறுங்காலை ஓர் அதிசயமாக எழுதின.

அந்தப் பாராட்டின் இனிமையில் நாம் மயங்கிவிட்டோம் என்றே சொல்லவேண்டும். 1950இல் பிரேசில் உலகக் கிண்ணப் போட்டிக்கு இந்தியா தகுதி பெற்றும் செல்லவில்லை. சப்பாத்தணியாமல் ஆட அனுமதிக்கவில்லை என்பதாலேயே செல்லவில்லை என்ற கதை பிற்காலத்தில் உலகெங்கும் பரவியது. உண்மை வேறு. நெடும்பயணம், பயிற்சிக்குப் போதிய கால அவகாசமின்மை, அணித்தெரிவில் எழுந்த கருத்து வேறுபாடு, இவற்றுக்கு மேலாக ஒலிம்பிக்கையே பெரிதெனக் கருதி உலகக் கிண்ணத்தின் பெருமையை உணராத நிர்வாகம் ஆகியவையே காரணங்கள். அக்காலத்துப் பெருவீரர் சைலேன் மன்னாவும் பின்னாளில் இதனையே உறுதிப்படுத்தினார். நிர்வாகத்தின் தவறு வீரனின் வெறுங்காலின்மேல் சுமத்தப்பட்டது. ஏழையின் காலைக் காட்டி மேலோர் தம் பிழையை மறைத்துக்கொள்வது இவ்வுலகில் புதிய செயலன்று.

1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் வந்தது. பின்லாந்தின் குளிரில் யூகோசிலாவியாவை எதிர்த்து வெறுங்காலுடன் பலர் இறங்கினர். 10க்கு 1 என்ற கணக்கில் இந்தியா தோற்றது. தோல்விக்குச் சப்பாத்து ஒன்றே காரணமென்று சொல்வது பிழை. யூகோசிலாவியா அந்த ஒலிம்பிக்கில் வெள்ளிப்பதக்கம் வென்ற வலிய அணி. எனினும் குளிர்ந்த, வழுக்குந் தரையில் கனத்த சப்பாத்துகளுக்கிடையே வெறும் பாதம் எவ்வளவு ஆதரவற்றது என்பதை அந்த நாள் ஐயத்துக்கிடமின்றிக் காட்டிற்று. அதன் பின்னரே இந்திய உதைபந்துச் சம்மேளனம் சப்பாத்தைக் கட்டாயமாக்கியது.

நான்கே ஆண்டுகளில் பயன் தெரிந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் சையத் அப்துல் ரகீமின் பயிற்சியில் சப்பாத்தணிந்து ஆடப் பழகிய இந்திய அணி, அவுஸ்திரேலியாவை 4க்கு 2 என வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்கள் போட்டார். அந்த ஒலிம்பிக்கில் இந்தியா நான்காமிடம் பெற்றது. 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. அந்த அணிகளின் கோல்காப்பாளர் வரிசையில் பீற்றர் தங்கராஜ் என்னும் தமிழரும் இருந்தார். நாட்டு மக்களின் திறமை திடீரென்று வளர்ந்துவிடவில்லை. திறமைக்கு உரிய கருவியும் பயிற்சியும் கிடைத்தன, அவ்வளவே.

* * *

சப்பாத்து ஆட்டக்காரனுக்கு என்ன செய்கிறது? தரையைப் பற்றிக்கொள்ள உதவுவது அதன் முதற்பணி. ஓடுபவன் திடீரென்று நிற்கவேண்டும்; நின்றவன் பக்கவாட்டில் திரும்பவேண்டும். அந்தக் கணத்தில் பாதத்துக்கும் தரைக்கும் இடையே பிடிப்பு இல்லாவிட்டால் மூளை இட்ட கட்டளையைக் கால் நிறைவேற்றாது. அடியிலுள்ள குமிழ்கள் மண்ணுக்குள் இறங்கி அந்தப் பிடிப்பைத் தருகின்றன. எதிரியின் மிதியிலிருந்தும் கல், முள் ஆகியவற்றிலிருந்தும் பாதத்தைக் காப்பது இரண்டாவது பணி. 410 முதல் 450 கிராம் வரை எடையுள்ள பந்தை முழு விசையுடன் உதைக்கும்போது விரல்களும் மேற்பாதமும் தாங்கும் அதிர்ச்சியைப் பகிர்ந்துகொள்வது மூன்றாவது. மழையில் நனைந்து கனத்த பழைய தோற்பந்தை வெறும் விரலால் உதைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வெறுங்காலுக்கும் ஒரு நன்மை உண்டு. பந்தைத் தொட்டுணரும் நுட்பம் அது. பழைய ஆங்கிலச் சப்பாத்தோ கணுக்காலையும் மூடி, அரைக் கிலோ அளவு கனத்து, நனைந்தால் மேலும் கனக்கும். அதை மாட்டிக்கொண்டு ஆடுவதைவிட வெறுங்காலே மேல் என்று நம்மவர் எண்ணியதில் நியாயம் இருந்தது. ஆனால் சப்பாத்து அப்படியே நிற்கவில்லை. 1954 ஜூலை 4ஆம் நாள் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் மழை பெய்தது. நெடுங்காலம் தோல்வியே அறியாத ஹங்கேரியை மேற்கு ஜேர்மனி 3க்கு 2 என வென்றது. கழற்றி மாட்டக்கூடிய குமிழ்களை ஜேர்மானியரின் இலேசான சப்பாத்துகளில் அடி டாஸ்லர் பொருத்தியிருந்தார்; மழைக்கு ஏற்ப நீண்ட குமிழ்கள் மாட்டப்பட்டன. அன்றைய வெற்றிக்கு அதுவும் ஒரு காரணமென்று பேசப்பட்டது. தரைக்கேற்ற சப்பாத்து என்னும் கருத்து அன்று உலகறிந்த உண்மையாயிற்று.

அதே நாளில் சப்பாத்து பெரும் வணிகப் பண்டமாகவும் ஆகத் தொடங்கியது. 1970 மெக்சிக்கோ உலகக் கிண்ணப் போட்டியில் பெலே ஆட்டந் தொடங்குமுன் குனிந்து தம் சப்பாத்தின் நாடாவைக் கட்டியதும், ஒளிப்படக் கருவிகள் அச்சப்பாத்தின் வணிகக் குறியை உலகுக்குக் காட்டியதும் விளம்பர ஏற்பாட்டின்படி நடந்தவை. பிரேசில் நாட்டுச் சிற்றூர்த் தெருவில் சப்பாத்தின்றி ஆடி வளர்ந்த சிறுவனின் காலே முதலாளியின் விளம்பரப் பலகை ஆயிற்று. இன்று கடைக் கண்ணாடிக்குள் மின்னும் சப்பாத்தின் விலையில் எவ்வளவு தோலுக்கும் உழைப்புக்கும் உரியது, எவ்வளவு அந்தக் குறிக்கு உரியது என்று மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். ஆட்டத்துக்கு வேண்டியது தரமான சப்பாத்து; விலையுயர்ந்த பெயரன்று.

நம் குடாநாட்டுத் தரையை எண்ணிப் பார்ப்போம். வலிகாமத்தில் சுண்ணக்கற்பாறைமேல் மெல்லியதாய்ப் படிந்த செம்மண். கோடையில் அது ஓடுபோல் இறுகும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்கால மழையில் அதுவே வழுக்கும். கரையோரத்தில் மணல். எங்கும் நெருஞ்சி, ஓரங்களில் பனங்கருக்கு. இறுகிய தரையில் நீண்ட குமிழ்கள் பொருந்தா, அவை மண்ணுக்குள் இறங்காமல் பாதத்தின்மேல் அழுத்தும், கால் தடுமாறும். அங்கே குட்டையான, எண்ணிக்கையில் மிகுந்த குமிழ்கள் வேண்டும். மழைத்தரையில் நீளமானவை வேண்டும். அளவும் முக்கியம். வளரும் பிள்ளைக்கு அடுத்த ஆண்டும் உதவட்டுமென்று பெரிய அளவில் வாங்கி, முன்பக்கத்தில் துணி அடைத்துக் கொடுக்கும் தாயை யாரும் குறைகூற முடியாது. ஆனால் அந்தப் பிள்ளையின் குதிகால் கொப்புளிப்பதும், கணுக்கால் புரள்வதும் அதனாலேயே. வறுமை இங்கே விளையாட்டுக் காயமாக உருமாறுகிறது.

* * *

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி, கட்டணம் செலுத்த முடியாத பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவைத் திறந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் பெரும்பாலான உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 1980 முதல் பாடநூலும் 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாகக் கிடைத்தன. அண்மை ஆண்டுகளில் வசதி குறைந்த பாடசாலைகளின் மாணவர் காலணி வாங்குவதற்கும் அரசு பற்றுச்சீட்டு வழங்கிவருகிறது. பிள்ளையின் கால் வெறுமையாய் இருத்தல் ஆகாது என்பதை ஒரு சமுதாயம் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இது. செருப்பைக் கழற்றச் சொன்ன மண்ணிலே இது சிறிய மாற்றமன்று. ஆனால் வகுப்பறைக்கு அணியும் சப்பாத்து மைதானத்துக்கு உதவாது. அங்கே பிள்ளை மறுபடியும் தன் தகப்பனின் வருவாயையே நம்பி நிற்கிறான்.

இடையே போர் வந்தது. 1990 முதல் வடக்குக்கு எரிபொருள், சீமெந்து, மின்கலம், மருந்து முதலியன செல்லத் தடைகளும் கட்டுப்பாடுகளும் விதிக்கப்பட்டன. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற வீட்டில் ஆட்டச் சப்பாத்தைப் பற்றி யார் வாய்திறப்பார்? 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் சாவகச்சேரி நோக்கி நடந்தனர். மயிலிட்டி, தெல்லிப்பழை முதலிய வலிகாமம் வடக்கு ஊர்களில் பல பகுதிகள் நெடுங்காலம் உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்தன. விளையாட்டு வெளிகளில் நிலக்கண்ணிகள் இருந்தன. கால் வைக்கும் இடமே அச்சமாயிருந்த அக்காலத்தில், இழந்த காலுக்குப் பதிலாகப் பொய்க்கால் செய்து கொடுக்கும் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்தின் வாயிலில் காத்திருந்தோரில் இளைஞரும் இருந்தனர். அத்தகைய நாட்களிலும் எஞ்சிய வெளிகளில் பந்து உருண்டது என்பது நம் மக்களின் உயிர்ப்புக்குச் சான்று.

போர் ஓய்ந்தபின் குடாநாட்டு உதைபந்து புதிய திசையிலிருந்து பெருமை பெற்றது. 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை நிறுவிய தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் மாணவிகள் தேசிய மட்டப் பாடசாலைப் போட்டிகளில் வாகை சூடினர். ஒரு காலத்தில் மேலாடையும் மறுக்கப்பட்ட பெண்டிர் வாழ்ந்த மண்ணில், விளையாட்டுடை தரித்து, சப்பாத்தணிந்து பெண்கள் பந்தை உதைப்பது எவ்வளவு நீண்ட பயணத்தின் விளைவு! ஆனால் அவர்களுக்கும் இன்னொரு தொல்லை உண்டு. சந்தையிலுள்ள உதைபந்துச் சப்பாத்துகளிற் பெரும்பாலானவை ஆண்பாதத்தின் அச்சை வைத்தே செய்யப்பட்டவை. பெண்ணின் குதிகால் ஒடுக்கமும் பாத வளைவும் வேறு. சிறுவர் அளவில் ஒன்றைத் தேடி மாட்டிக்கொண்டு அவர்கள் ஆடவேண்டியிருக்கிறது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி இந்த நிலையை மேலும் மோசமாக்கியது. அவ்வாண்டின் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த மதிப்பு, சில மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. இறக்குமதியாகும் சப்பாத்தின் விலையும் அதனோடு ஏறிற்று. மீன்பிடித் தொழிலாளியின் வருவாய் அவ்வாறு ஏறவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் குடாநாட்டில் ஒரு பாடசாலைப் போட்டியில் நான் கண்ட காட்சி ஒன்றைச் சொல்லவேண்டும். இரண்டாம் பாதியில் ஓர் ஆட்டக்காரனை வெளியே அழைத்து வேறொருவனை அனுப்ப முடிவாயிற்று. வெளியே வந்தவன் கோட்டருகே அமர்ந்து அவசரமாகச் சப்பாத்தைக் கழற்றினான். உள்ளே செல்லவேண்டியவன் அருகே வெறுங்காலுடன் காத்திருந்தான். கழற்றிய சப்பாத்தைத் தன் காலில் மாட்டி, நாடாவைக் கட்டிக்கொண்டு ஓடினான். மத்தியஸ்தர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்வையாளர் சிலர் சிரித்தனர். உள்ளே சென்றவனின் கால் சிறியது என்பது அவன் திரும்பிய முதற் திருப்பத்திலேயே தெரிந்தது. திறமை குறைந்தவன் என்று அவனைப் பற்றி என் பக்கத்திலிருந்தவர் சொன்னார். திறமையை அளப்பதற்கு முன் காலை அளந்திருக்கவேண்டும் என்று எனக்குப் பட்டது.

* * *

இன்றைய சர்வதேச ஆட்ட விதிகளின் நான்காம் விதி, மேற்சட்டை, காற்சட்டை, காலுறை, முழங்காற்கீழ்க் காப்பு ஆகியவற்றோடு பாதணியையும் கட்டாயமாக்குகிறது. விதி நியாயமானதே, ஆட்டக்காரனின் பாதுகாப்பை முன்னிட்டே அது எழுதப்பட்டது. ஆனால் நம் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது அதன் மறுபக்கமும் புலனாகிறது. நேற்று, செருப்பணிந்து வராதே என்று சாதி தடுத்தது. இன்று, சப்பாத்தில்லாமல் வராதே என்று விதி தடுக்கிறது. இரண்டு வேளையிலும் கோட்டுக்கு வெளியே நிறுத்தப்படுபவன் பெரும்பாலும் ஒரே வீட்டுப் பிள்ளைதான். பாதணியைக் கட்டாயமாக்கும் சமுதாயம், அது எல்லார் காலுக்கும் கிடைக்கும்படி செய்யும் கடமையையும் ஏற்கவேண்டும்.

வழி இல்லாமலில்லை. நூலில்லாத பிள்ளைக்கு நூலகம் இருப்பதுபோல், சப்பாத்தில்லாத பிள்ளைக்குப் பாடசாலையில் பொதுச் சப்பாத்து இருப்பு ஒன்று இருத்தல் வேண்டும். வளரும் பிள்ளை ஓராண்டில் விட்டுவிடும் சப்பாத்து இன்னொரு பிள்ளைக்குப் பொருந்தும். அளவுவாரியாக அடுக்கி, கோடைத்தரைக்கு உரியவற்றையும் மழைத்தரைக்கு உரியவற்றையும் பிரித்து, பருவத்துக்குப் பருவம் இரவல் கொடுத்துத் திரும்பப் பெறலாம். கிழிந்ததைத் தைக்க நம் சந்தியிலுள்ள தோல் தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடுக்கலாம். கடல் கடந்து வாழும் பழைய மாணவர், வெற்றிவிழாவுக்குத் தங்கப்பதக்கம் அனுப்புவதற்கு முன், தோற்றாலும் வென்றாலும் உதவும் முப்பது சோடிச் சப்பாத்தை அனுப்பலாம். ஆசிரியர் ஆண்டுத் தொடக்கத்திலேயே மாணவரின் பாத அளவை எடுத்துக் குறித்து வைக்கலாம். மாகாணக் கல்வித் திணைக்களத்திடம் விளையாட்டுச் சப்பாத்தையும் பாடசாலைத் தளபாடமாகக் கணக்கிடும்படி ஆசிரியர் சங்கங்கள் கேட்கவேண்டும். மேசையும் கதிரையும் பிள்ளை தன் வீட்டிலிருந்து கொண்டுவரவேண்டுமென்று எவரும் இன்று கூறுவதில்லை அல்லவா?

வெறுங்காலுடன் வென்றவர்களைப் போற்றுவோம். மோகன் பகானின் பதின்மரையும், இல்பேட் மைதானத்தில் நின்ற ராமனையும், நம் கரையோர மணலில் பந்தாடிய பெயர் பதியாத வலைத்தொழிலாளரையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். அவர்களின் வெறுங்காலைப் பெருமையாகச் சொல்வதோடு நின்றுவிடாமல், அது ஏன் வெறுமையாய் இருந்தது என்பதையும் சொல்லிக் கொடுப்போம். அடுத்த வாடைமழை தொடங்குவதற்கு முன், நம் பாடசாலையின் உதைபந்து அணியில் எத்தனை பிள்ளைகளுக்குத் தம் காலளவுக்கு ஏற்ற சப்பாத்து இருக்கிறது என்று ஒவ்வோர் ஆசிரியரும் எண்ணிப் பார்க்கட்டும்.